பாகவதரும் அவர் அபிமானிகளும்

ஜனங்களின் அபிமானம் நீர்மேற் குமிழி என்று கூறுவோர் பலர். அதற்குச் சான்று காட்ட வேண்டிய போதெல்லாம் தமிழ் நாட்டில் முதலில் எடுத்துக் கூறப்படும் பெயர் ஸ்ரீ எம். கே. தியாகராஜ பாகவதருடையதாகும். சிகரத்தில் இருந்தார், சிறை சென்றார், மீண்டு வந்தபோது அவர் படத்தைப் பார்ப்பாரில்லை என்று அன்னார் சரிதத்தைச் சுருங்கச் சொல்லி, நெடுமூச்செறிந்து, உலகத்தாரின் நன்றியின்மையைப் பற்றி ஓர் உபதேசமும் செய்து விடுவர். மிஷன் கல்லூரியிற் பயின்ற நாமோ, குருத்தோலை ஏந்தி ஓசன்னா பாடிய கூட்டத்தையும், சில நாளைக்குள் சிலுவையில் அறையும் என்று கூவிய கூட்டத்தையும் உடனே நினைவு கூர்வோம். உவமை கைக்கு எளிதில் அகப்பட்டது என்பதனாலேயே அது பொருந்தி விடாது.

பாகவதர் புகழின் உச்சியைத் தொட்ட இரு படங்களும், அவரைப் பின்னுக்குத் தள்ளிய புதுப் படங்களுட் சிலவும், நம் கோயமுத்தூரை அடுத்த சிங்காநல்லூரில் ஒரே ஸ்டூடியோவிலேதான் உருவாயின. ஆதலால் அவர் அபிமானிகள் அவரை மறந்தனரா என்ற வழக்கில் கொங்கு நாட்டார் வெறும் வேடிக்கை பார்ப்பவரல்லர், சாட்சிகளாவர். அச்சாட்சியத்தை ஈண்டு ஒருவாறு தொகுத்துரைக்க முயல்வோம்.

பாகவதர் 1910-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் முதல் தேதியில் மாயவரத்தில், பொன் வேலை செய்யும் குடும்பமொன்றிற் பிறந்தார். இளமையிலேயே குடும்பம் திருச்சிராப்பள்ளிக்குக் குடிபெயர்ந்தது. பள்ளிப் படிப்பில் நாட்டஞ் செல்லவில்லை, பாட்டிலேதான் சென்றது. அவ்வூரில் எப். ஜி. நடேச ஐயர் நடத்தி வந்த நாடகச் சபையில் அரிச்சந்திரன் மகன் லோகிதாசனாகப் பத்து வயதளவில் மேடை ஏறினார். பின்னர் மதுரை பொன்னு ஐயங்காரிடம் முறையாகச் சங்கீதம் பயின்றார். மேடையிற் புகழ் பெற்ற "பவளக்கொடி" நாடகம் 1934-இல் கே. சுப்ரமண்யம் அவர்களின் டைரக்‌ஷனில் பேசும் படமாயிற்று. ஏறக்குறைய ஐம்பது பாடல்கள் கொண்ட அப்படத்தைப் பேசும் படம் என்பதைவிடப் பாடும் படம் என்பதே பொருந்தும். 1937-இல் வெளிவந்த "சிந்தாமணி" தந்த லாபத்தைக் கொண்டு அதன் முதலாளிகள் மதுரையில் அப்படத்தின் பெயராலேயே ஒரு சினிமாக் கொட்டகை கட்டினர் என்றால், வேறு புள்ளிவிவரம் எதற்கு?

இனிக் கோவைக்கு வருவோம். இவ்வூரிற் படத்தொழில் வேரூன்றியது தற்செயலாக நிகழ்ந்ததன்று. கோயமுத்தூரில் பிறந்து, திருச்சியில் ரயில்வே உத்தியோகம் பார்த்து வந்த சாமிக்கண்ணு வின்சென்ட் என்னும் கிறிஸ்தவ அன்பர் 1905-இல் ஒரு பிரெஞ்சுக்காரரிடமிருந்து படக்கருவியையும், இயேசு பெருமானின் சரிதத்தைக் காட்டும் சலனப் படத்தையும் விலைக்கு வாங்கினார். வேலையை விட்டுவிட்டு, கூடாரமும் கருவியுமாக ஊர் ஊராகச் சென்று படங் காட்டினார். 1914-இல் கோவையில் "வெரைட்டி ஹால்" என்ற நிலையான கொட்டகையை அமைத்தார்; அது பிற்காலத்தில் "டிலைட்" என்று பெயர் மாறிய பின்னரும் சாலைக்கு மட்டும் பழைய பெயரே நிலைத்து விட்டது. ஆகவே நம் நகரத்தார் சினிமாவை முதன் முதற் கண்டறிந்த காலத்திலேயே அதற்குச் சொந்தக்காரராகவும் இருந்தனர் எனலாம்.

அடுத்து வந்தது மின்சாரம். 1932-இல் பைகாராவிலிருந்து மின்சக்தி இறங்கத் தொடங்கியதும், கோவையைச் சுற்றிப் பஞ்சாலைகள் மளமளவென்று பெருகின. ஆலைகள் பெருகவே கையிற் பணம் பெருகிற்று. அந்நாளில் தமிழ்ப் படம் எடுக்க விரும்பியோர் பெரும்பாலும் பம்பாய்க்கோ கல்கத்தாவுக்கோ நடிகர், பக்க வாத்தியக்காரர், சமையற்காரர் சகிதம் ரயிலேற வேண்டியிருந்தது. இத்தொல்லையை ஒழிக்கக் கருதி, ஆலை அதிபர் பி. ரங்கசாமி நாயுடு, வின்சென்ட், எஸ். எம். ஸ்ரீராமுலு நாயுடு முதலியோர் கூடிச் சிங்காநல்லூரில் "சென்ட்ரல் ஸ்டூடியோ"வை நிறுவினர். 1938-இல் முசிரி சுப்பிரமணிய ஐயர் நடித்த "துக்காராம்" அங்கு தயாராயிற்று. பருத்தியிற் பிறந்த பணம் பாட்டாக மாறிய விதம் இதுவே.

அந்த ஸ்டூடியோவிலேதான் 1943-இல் வெளிவந்த "சிவகவி" எடுக்கப் பெற்றது. ராஜா சாண்டோ தொடங்கிய அப்படத்தை ஸ்ரீராமுலு நாயுடு முடித்தார். பொய்யாமொழிப் புலவரின் கதையைத் தழுவியது அது. சிவனையன்றி அவன் மைந்தனைப் பாடேன் என்று செருக்குற்ற புலவனை முருகனே வந்து தெளிவிக்கிறான். பாபநாசம் சிவன் பாடல்களை இயற்றினார். இளங்கோவன் வசனம் எழுதினார். இவ்விருவரும் பாகவதர் புகழின் இரு தூண்கள் என்பதை அபிமானிகள் பலர் மறந்து விடுகின்றனர். குரல் அவருடையது, எனினும் அக்குரலுக்கேற்ற சொல்லும் மெட்டும் வேறிடத்திலிருந்து வந்தன. இளங்கோவனைக் குறித்துப் பின்னரும் கூற வேண்டியிருக்கிறது.

1944-ஆம் ஆண்டு தீபாவளிக்கு "ஹரிதாஸ்" வெளியாயிற்று. இதுவும் சிங்காநல்லூரில் எடுத்த படமே. மதுரை ராயல் டாக்கீஸாருக்காகச் சுந்தர்ராவ் நட்கர்னி டைரக்ட் செய்தது. பெற்றோரை வீட்டினின்று துரத்தி, தாசியின் மயக்கத்திற் பொருளையெல்லாம் இழந்த மகன் ஒருவன், கால்களையும் இழந்து தவழ்ந்து திரிந்து, மனந்திரும்பித் தாய் தந்தையர்க்குத் தொண்டு செய்து உய்தி பெறுவதே கதை. பண்டரிபுரத்துப் புண்டரீகன் வரலாற்றிலிருந்து எடுத்தது. லூக்கா சுவிசேஷத்துக் கெட்ட குமாரனை வகுப்பிற் படித்த நம்மவர்க்கு இக்கதை அந்நியமாகத் தோன்றுமோ? ஒரே வேறுபாடு உண்டு. அங்கே தகப்பன் ஓடி வந்து மகனைத் தழுவுகிறான். இங்கே மகன் பெற்றோரைத் தேடிச் சென்று பாதத்தில் விழுகிறான். தாசியாக நடித்த டி. ஆர். ராஜகுமாரியின் முன் சாருகேசி ராகத்தில் "மன்மத லீலை" பாடும் அதே குரல், பின்பகுதியில் அன்னை தந்தையரை நினைந்து கசிந்துருகுகின்றது. ஒரே குரலிற் பாவமும் பச்சாத்தாபமும் அடங்கியிருந்தமையே அப்படத்தின் வெற்றிக்குக் காரணம் என்பது நம் எண்ணம்.

பாகவதரைக் கேட்டவர்கள் எவ்வாறு கேட்டார்கள் என்பதையும் சற்றே விளக்க வேண்டும். இதை அறியாமல் அவர்களுடைய அன்பின் இயல்பை அறிய இயலாது. இக்காலத்தில் ஒரு பாட்டைக் கேட்க விரலசைத்தாற் போதும். அக்காலத்திலோ கிராமபோன் என்னும் பெட்டியைக் கையாற் சாவி கொடுத்துச் சுழற்ற வேண்டும். அரக்குச் சேர்த்துச் செய்த கறுப்புத் தட்டு நிமிஷத்துக்கு 78 முறை சுழலும். எஃகு ஊசி அதன் வரிகளில் ஓடும். ஒரு பக்கத்தில் ஏறத்தாழ மூன்று நிமிஷப் பாட்டே கொள்ளும். கல்யாண வீடானால் ஊசி தேயத் தேய, ஒரே தட்டு நாள் முழுவதும் சுழலும். தட்டு வாங்க வசதியில்லாதவன் வீதியில் நின்று கேட்பான். கேட்டதை மறுநாள் கவலை இறைக்கும்போது, மாடுகள் முன்னும் பின்னும் நடக்க, தன் குரலிற் பாடிப் பார்ப்பான். கொங்கு நாட்டுத் தோட்டங்களிற் சங்கீதம் பரவிய வழி இது. ராகத்தின் பெயர் அறியாமலே ராகத்தை அறிந்தவர் எத்தனையோ பேர் நம் முன்னோருள் இருந்தனர். நம்மில் அநேகர் பாட்டன்மார் வாயிலாகவே பாகவதரை முதலிற் கேட்டோம்.

டூரிங் டாக்கீஸ் எனப்பட்ட கூடாரக் கொட்டகைகளை இன்று காண்பதரிது. தரையில் மணல் பரப்பியிருக்கும். முன்னால் இருப்பவர் தலை மறைக்காதபடி மணலைக் குவித்து மேடாக்கி அதன்மேல் அமர்வர். ஒரே படக்கருவியாதலால் சுருள் மாற்றுவதற்காகப் பலமுறை விளக்குப் போடுவர். அவ்விடைவேளைகளில் முறுக்கும் கடலையும் விற்கும். படம் அறுந்து போனால் கூச்சல் எழும். பாகவதர் பாடும் கட்டத்தில் அறுந்து போனாலோ, ஆபரேட்டர் அன்றிரவு வீடு போய்ச் சேருவது எளிதன்று. ஆலைத் தொழிலாளியும் பண்ணையாளும் வியாபாரியும் அருகருகே மணலில் அமர்ந்து, கச்சேரி மண்டபங்களின் வாயிற்படியை மிதித்திராத காதுகளால் உயர்ந்த சங்கீதத்தைக் கேட்டனர். பாகவதர் செய்த தொண்டுகளுள் இதனையே தலையாயதென்று கொள்கிறோம்.

அபிமானிகளின் கோலாகலத்தைப் பற்றி வேண்டுமளவு கதைகள் உண்டு. பிடரி வரை புரளும் அவருடைய கேசத்தைப் பார்த்து இளைஞர் தாமும் வளர்த்துக் கொண்டு, அதற்குப் "பாகவதர் கிராப்பு" என்று பெயரும் இட்டனர். பட்டு ஜிப்பா, வைரக் கடுக்கன், ஜவ்வாதுப் பொட்டு என்று அவர் உடுத்ததும் அணிந்ததும் ஊரெங்கும் பேச்சாயிற்று. அவர் தங்கத் தட்டில் உண்டார் என்பர். அதை நேரிற் கண்டதாகச் சொல்பவரினும் கேட்டதாகச் சொல்பவரே மிகுதி. எதிர்க் கட்சியும் இருந்தது. பி. யு. சின்னப்பாவின் அபிமானிகள் "உத்தம புத்திர"னையும் (1940) "மனோன்மணி"யையும் (1942) காட்டி வாதிடுவர். அவ்விரண்டும் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸார் எடுத்தவை. ஆகவே கோவை பாகவதர் கட்சி, சேலம் சின்னப்பா கட்சி என்று சொல்லத் தோன்றும். அப்படிச் சொல்லவும் இடமில்லை, ஏனெனில் சின்னப்பாவின் "ஜகதலப்பிரதாபன்" (1944) நம் ஸ்ரீராமுலு நாயுடு டைரக்ட் செய்ததே. ஸ்டூடியோ முதலாளிகளுக்குக் கட்சி கிடையாது.

இந்நிலையில் இடி விழுந்தது. "இந்து நேசன்" என்னும் பத்திரிகையை நடத்திவந்த லட்சுமிகாந்தன் 1944 நவம்பரிற் சென்னை வேப்பேரியில் கத்தியால் குத்துண்டு இறந்தார். அவ்வழக்கில் பாகவதரும் நகைச்சுவை நடிகர் என். எஸ். கிருஷ்ணனும் டிசம்பரில் கைது செய்யப் பெற்றனர். கோவைப் படவுலகின் தலைவர்களுள் ஒருவரான ஸ்ரீராமுலு நாயுடுவும் குற்றஞ் சாட்டப்பெற்று, விசாரணையில் விடுதலை அடைந்தார். மற்ற இருவர்க்கும் 1945-இல் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. மேல் முறையீடு இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்றது. அது வழக்கை மீண்டும் சென்னை ஹைக்கோர்ட்டுக்கே அனுப்ப, 1947 ஏப்ரலில் இருவரும் குற்றமற்றவரென விடுவிக்கப்பெற்றனர். இரண்டாண்டுக்கு மேற்பட்ட சிறைவாசத்துக்குப் பின் கிடைத்த நீதி அது.

நண்பர்களே, ஈண்டு ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். "ஹரிதாஸ்" சென்னை பிராட்வே கொட்டகையில் 114 வாரங்கள் ஓடிற்று. 1944, 1945, 1946 என மூன்று தீபாவளிகளை அங்கேயே கண்டது. அவ்வாரங்களுள் முதற் சில வாரங்கள் நீங்கலாக மற்றவை யாவும் அதன் நாயகர் சிறையில் இருந்த காலமே. உடல் கம்பிகளுக்குள்ளே, நிழல் வெண்திரையிலே. தண்டனை பெற்ற ஒருவர், பாவஞ் செய்து மனந்திரும்பிய ஒருவனாகத் தினந்தோறும் பாடிக் கொண்டிருந்தார். ஜனங்களும் தினந்தோறும் வந்து கேட்டுக் கொண்டிருந்தனர். கோர்ட்டு இன்னும் விடுவிக்காதவரைக் கொட்டகை கைவிடவில்லை. நன்றியற்ற கூட்டம் செய்யும் காரியமா இது?

ஆயினும் விடுதலைக்குப் பின் வந்த "ராஜமுக்தி" (1948) வெற்றி பெறவில்லை. 1952-இல் வந்த "அமரகவி", "சியாமளா" இரண்டும் பழைய ஆரவாரத்தை எழுப்பவில்லை. தாமே டைரக்ட் செய்த "புது வாழ்வு" 1957-இல் வந்து, வந்த சுவடு தெரியாமற் போயிற்று. இதற்குக் காரணம் சிறைவாசத்தின் களங்கம் என்று சிலர் கூறுவர். நாம் அதை ஒப்பவில்லை. அதே வழக்கில் அதே தண்டனை பெற்று அதே நாளில் விடுபட்ட என். எஸ். கிருஷ்ணன் மீண்டும் படங்களில் நடித்து, முன்போலவே ஜனங்களைச் சிரிக்க வைத்தாரே! களங்கம் ஒருவரை ஒட்டி மற்றவரை விட்டுவிடுமோ?

காரணத்தைச் சிங்காநல்லூரிலேயே தேட வேண்டும். பாகவதர் விடுதலையடைந்த அதே 1947 ஏப்ரல் மாதத்தில் "ராஜகுமாரி" என்ற படம் வெளியாயிற்று. ஜூபிடர் கம்பெனியார் நம் சென்ட்ரல் ஸ்டூடியோவில் எடுத்த படம் அது. "ஹரிதாஸ்" உருவான இடத்திலேயே உருவாயிற்று. அதன் கதாநாயகர் எம். ஜி. ராமச்சந்திரன், 1941-இல் பாகவதரின் "அசோக்குமார்" படத்தில் சிறு வேடம் தாங்கியவர். புதிய நாயகர் வாள் வீசினார், தாவிக் குதித்தார், பாட்டு வந்தபோது அவருக்காக வேறொருவர் பாடினார். இரவற் குரல் முறை 1938-இல் "நந்தகுமார்" படத்திலேயே தமிழுக்கு வந்து விட்டதாயினும், அது வழக்கமாக நிலைபெற்றது இக்காலத்திலேதான். நடிப்பவன் பாடத்தான் வேண்டும் என்ற நியதி நீங்கியதும், பாடகனே நடிகனாக வேண்டும் என்ற தேவையும் நீங்கி விட்டது.

மற்றொரு மாறுதலும் உடன் நிகழ்ந்தது. 1949-இல் அறிஞர் அண்ணாதுரையின் "வேலைக்காரி"யை ஜூபிடரார் படமாக்கினர். 1950-இல் சேலத்திலிருந்து மு. கருணாநிதியின் வசனத்தில் "மந்திரிகுமாரி" வந்தது. ஜனங்கள் பாட்டை எதிர்பார்த்துக் காத்திருந்த இடத்தில் இப்பொழுது பேச்சை எதிர்பார்த்துக் காத்திருந்தனர். இச்செந்தமிழ் வசனத்துக்கு வழி வகுத்தவர் யார்? "அம்பிகாபதி" (1937), "அசோக்குமார்", "சிவகவி" ஆகிய பாகவதர் படங்களுக்கு எழுதிய அதே இளங்கோவன்! பாகவதர் ஏறி நின்ற இரு தூண்களில் ஒன்று வளர்ந்து வளர்ந்து அவர் தலைக்கு மேலே போய்விட்டது. இதில் அவர் குற்றமும் இல்லை, அபிமானிகளின் குற்றமும் இல்லை. அவருடைய குரலுக்காகவே கதை பண்ணும் வழக்கம் ஒழிந்தது, அவ்வளவே. குரலுக்கு வேலையில்லாத படத்திற் பாகவதரைப் பார்ப்பது, மூடி வைத்த வீணையைப் பார்ப்பது போல. அபிமானிகள் அதற்குக் காசு கொடுக்க விரும்பவில்லை.

குரலையும் அவர்கள் விட்டுவிட்டனரா என்பதே கேள்வி. விடவில்லை என்பதற்குப் பல சான்றுகள் உண்டு. இசைத் தட்டுகள் தொடர்ந்து சுழன்றன. இலங்கை வானொலியும் பழைய பாடல்களை ஒலிபரப்பி, அவற்றை அடுத்த தலைமுறையின் காதுகளிற் சேர்த்தது. அவருடைய கச்சேரிகளுக்கும் அழைப்பு நின்றபாடில்லை. அவர் நடித்தவை மொத்தம் 14 படங்களே. சிறைக்கு முன் ஒன்பது, பின் ஐந்து. முன்னைய ஒன்பதில் வந்த பாடல்களை இன்றும் முணுமுணுப்போர் பின்னைய ஐந்தின் பெயரைச் சொல்லத் திணறுவர். அன்பு எங்கே நின்றது, எங்கே நிற்கவில்லை என்பதற்கு இதனினும் தெளிவான அளவுகோல் வேண்டுமோ?

கடைசி ஆண்டுகளில் நீரிழிவு நோய் பாகவதரைப் பற்றியது; கண்பார்வை மங்கிற்று. "அசோக்குமார்" படத்திற் கண்ணிழந்த குணாளனாகப் பாடியவர் அவர். அக்காட்சியைக் கண்டு முன்னொரு நாள் அழுதவர்கள், இச்செய்தி கேட்டு மறுமுறையும் அழுதிருப்பர். எனினும் அவர் பாடுவதை நிறுத்தினாரில்லை. 1959 அக்டோபரில் நம் பொள்ளாச்சியில் அவருடைய கச்சேரி நடந்தது. "புது வாழ்வு" வந்து இரண்டாண்டு ஆகியிருந்தது. அன்று அங்கு அமர்ந்திருந்தவர்களிற் பலர் அப்படத்தைப் பார்த்திரார். பார்க்காத படத்தின் நாயகரைக் கேட்பதற்கு ஏன் வந்தனர் என்று அவர்களைக் கேட்டிருந்தால், கேள்வியே அவர்களுக்கு விளங்கியிராது.

சின்னாட்களில் நோய் முற்றவே, அவரைச் சென்னைப் பொது மருத்துவமனையிற் சேர்த்தனர். நவம்பர் முதல் தேதியன்று, ஐம்பது வயது நிரம்புமுன், உயிர் நீத்தார். அவர் நடித்த கடைசிப் படமாகிய "சிவகாமி" மறு ஆண்டு, 1960-இல் வெளியாயிற்று.